கீபோர்டு கீகேப்களைக் கழற்றிக் கழுவி மாட்டுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துத் தூசிக்கும் தண்ணீருக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

கீபோர்டு அழுக்கால் கெடுவதைவிட, அதைச் சுத்தம் செய்யும் அவசரத்தில் கெடுவதுதான் அதிகம். கழற்றக் கூடாத வகையைக் கழற்றுவது, ஸ்பேஸ்பாரை நெம்பி உடைப்பது, ஈரம் காயும் முன்னே மாட்டுவது. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். வேலையின் வரிசையைப் பிடித்துக்கொண்டால் மூன்றையும் தவிர்க்கலாம்.

வேலை இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். காய ஒரு நாள் வேண்டும். இ-சேவை மையம், டிடிபி கடை, பில்லிங் கவுன்டர் நடத்துபவர்கள் சனிக்கிழமை கடை மூடிய பிறகு ஆரம்பித்தால் திங்கள் காலை கீபோர்டு தயாராக இருக்கும். அந்த இடைவெளி இல்லையென்றால் மாற்றுக் கீபோர்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

1. உங்கள் கீபோர்டு எந்த வகை என்று பாருங்கள்

எதையும் இழுக்கும் முன் இது தெரிய வேண்டும். ஒவ்வொரு வகையிலும் கீகேப், அதாவது கீயின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடி, வேறு விதமாகப் பிடித்திருக்கிறது.

மெம்பரேன் வகை: கடைகளில், அலுவலகங்களில் சாதாரணமாகப் பார்ப்பது. அழுத்தினால் மெத்தென்று இறங்கும். கீகேப்பின் அடியில் குழாய் போன்ற தண்டு இருக்கும். அது சட்டத்தின் துளைக்குள் இறங்கி, கீழே உள்ள ரப்பர் குமிழை அழுத்தும். நேராக மேலே தூக்கினால் கழன்று வரும்.

மெக்கானிக்கல் வகை: ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச். டைப்பிஸ்ட்கள் விரும்பி வாங்கும் டிவிஎஸ் கோல்டு இந்த வகைதான். கீகேப்பை எடுத்தால் அடியில் கூட்டல் குறி வடிவத் தண்டு தெரியும். கழற்ற இதுதான் எளிது.

லேப்டாப் வகை: தட்டையான கீகேப், அடியில் கத்தரிக்கோல் போலக் குறுக்கிட்ட இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்கள். சுத்தம் செய்வதற்காக மட்டும் இதைக் கழற்றாதீர்கள். இதற்குத் தனிப் பகுதி கடைசியில் இருக்கிறது. 2 முதல் 11 வரையுள்ள பகுதிகள் முதல் இரண்டு வகைகளுக்கு.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

கீகேப் புல்லர் ஒன்று. பிளாஸ்டிக் வளையம் போன்றதைவிட, இரண்டு கம்பிகள் நீண்டிருக்கும் கம்பிப் புல்லர் நல்லது; வளையம் கீகேப்பின் பக்கங்களில் கீறல் போடும். கிடைக்காவிட்டால் இரண்டு ஜெம் கிளிப்பை நிமிர்த்தி நுனியைக் கொக்கியாக மடக்கிக்கொள்ளலாம். மெம்பரேன் கீபோர்டுக்குப் பழைய ஏடிஎம் கார்டை விரல் அகலத்துக்கு வெட்டிய இரண்டு துண்டுகள் போதும். ஸ்குரூடிரைவர் வேண்டாம், அது சட்டத்தின் விளிம்பைத் தின்றுவிடும்.

காய்ந்த பெயின்ட் பிரஷ், மிருதுவான பழைய டூத் பிரஷ், காது குடையும் பஞ்சுக் குச்சி, பஞ்சு பறக்காத பருத்தித் துணி. பாத்திரம் கழுவும் லிக்விட். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தரும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால், 50 மில்லி இருந்தால் தாராளம். ஒரு வடிகட்டி. கடைசி அலசலுக்கு அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீர்.

அதே சர்வீஸ் மேசையில் தின்னரும் இருக்கும். இரண்டையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள். தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் மூன்றுமே கீகேப் செய்யப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்து, மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கிவிடும். ஹேண்ட் சானிடைசரும் சரிவராது. பலவற்றில் கிளிசரின் சேர்த்திருப்பார்கள். ஆல்கஹால் பறந்த பிறகு அது பிசுக்காகத் தங்கி மறுபடியும் தூசியைப் பிடிக்கும்.

3. இணைப்பைத் துண்டித்து, படம் எடுங்கள்

யுஎஸ்பி வயரைக் கழற்றுங்கள். வயர்லெஸ் என்றால் சுவிட்சை அணைத்து, பேட்டரியையும் வெளியே எடுங்கள். மின்சாரம் ஓடும்போது ஈரம் பட்டால் உள்ளே உள்ள தடங்கள் அரிக்கும்.

பிறகு நேர் மேலிருந்து ஒரு படம், வலப்பக்க நம்பர் பகுதிக்கு மட்டும் இன்னொரு படம். எழுத்துகள் தெளிவாகப் படிக்கும்படி இருக்கட்டும். எழுத்து வரிசை எல்லாருக்கும் மனப்பாடம். தடுமாற வைப்பது இன்சர்ட், ஹோம், பேஜ் அப் போன்றவையும், இடம் வலம் என்று இரண்டிரண்டாக வரும் ஷிப்ட், கன்ட்ரோல், ஆல்ட் கீகளும்தான். படத்திலிருந்து மொத்தக் கீகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முழு அளவுக் கீபோர்டில் வழக்கமாக 104 இருக்கும்.

தமிழ்99 அல்லது தட்டச்சு முறை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தக் கீகளைத் தண்ணீரில் போடாதீர்கள், ஐபிஏவாலும் துடைக்காதீர்கள். பசை இளகி ஓரம் எழும்பிவிடும். ஈரத்துணியால் பக்கங்களை மட்டும் துடையுங்கள். ஸ்டிக்கர் ஏற்கெனவே கிழிந்திருந்தால் உரித்தெடுத்துக் கழுவிவிட்டு, கீகேப் நன்றாகக் காய்ந்த பிறகு புதியதை ஒட்டலாம்.

4. ஈரம் தொடும் முன் உலர் தூசி வெளியேற வேண்டும்

நம் பக்கத்தில் இந்தப் படி மிக முக்கியம். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கிரானைட் பட்டறை, கிரஷர் அருகே இருக்கும் அலுவலகங்களில் கீபோர்டில் விழுவது சாதாரணத் தூசி இல்லை, கல் பொடி. அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமானது. எடுத்தவுடன் ஈரத்துணியால் துடைத்தால் ஒரு பகுதி உப்புத்தாள் தேய்த்த மாதிரி கீகேப்பைக் கீறும். மீதி குழம்பாகி இடுக்குக்குள் இறங்கி, காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். செம்மண் புழுதியும் ஈரம் பட்டால் இப்படித்தான் ஒட்டிப்பிடிக்கும்.

கீபோர்டைத் தலைகீழாகச் சாய்த்து, முதுகில் உள்ளங்கையால் தட்டுங்கள். சாய்த்தபடியே பெயின்ட் பிரஷால் வரிசை வரிசையாகத் தள்ளுங்கள். ரப்பர் பல்பு ப்ளோயர் இருந்தால் பக்கவாட்டில் ஊதுங்கள். நேராகக் கீழ்நோக்கி ஊதினால் தூசி உள்ளேதான் போகும்.

பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றடித்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெய்த் துளியும் கலந்து வரும், வேகமும் அதிகம். ரப்பர் குமிழ் இடம் மாறிவிடலாம், எண்ணெய் பட்ட இடம் அடுத்த வாரமே கறுத்துவிடும்.

5. சிறிய கீகளை முதலில் கழற்றுங்கள்

கழற்றும்போது பெரிய கீகள் கடைசி. மாட்டும்போது பெரிய கீகள் முதல். பக்கத்திலுள்ள சின்னக் கீகள் போனால்தான் ஸ்பேஸ்பாரின் அடியைப் பார்த்துக் கையை விட முடியும்.

மெக்கானிக்கலில் புல்லரின் இரண்டு கம்பிகளையும் கீகேப்பின் எதிரெதிர் மூலைகளில் இறக்கி, அடியில் கொக்கி மாட்டும்வரை லேசாகத் திருப்பி, நேர் மேலே இழுங்கள். வரவில்லையென்றால் இடம் வலமாகச் சிறிது அசைத்துக்கொண்டே இழுங்கள். ஒரு பக்கம் சாய்த்து நெம்பினால் சுவிட்சின் தண்டு முறியும்.

மெம்பரேனில் கார்டுத் துண்டுகளைக் கீயின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் செருகி, இரண்டையும் சேர்த்து மேலே தூக்குங்கள். ‘டக்’ என்று விடும். கீயுடன் ரப்பர் குமிழும் ஒட்டிக்கொண்டு வந்தால் பிரித்து, அதே துளையின் நடுவில் உட்கார வையுங்கள். அதைக் கழுவ வேண்டாம்.

எந்த வரிசையில் கழற்றுகிறீர்களோ அந்த வரிசைக்கு ஒரு கிண்ணம் என்று பிரித்து வைப்பது நல்லது. பல கீபோர்டுகளில் ஒவ்வொரு வரிசைக்கும் கீகேப்பின் உயரமும் சாய்வும் வேறு. எழுத்து அழிந்துபோன கீகள் இருந்தால் இந்தக் கிண்ணம்தான் காப்பாற்றும்.

6. ஸ்பேஸ்பார், என்டர், ஷிப்ட்: இங்கே நிதானம்

நீளமான கீ எந்த ஓரத்தில் அழுத்தினாலும் சமமாக இறங்க, அடியில் ஒரு கம்பி இருக்கும். அதைக் கவனிக்காமல் இழுத்து உடைப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் சேதம்.

மெம்பரேன் கீபோர்டின் ஸ்பேஸ்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை அரை சென்டிமீட்டர் மட்டும் தூக்கி, டார்ச் அடித்து அடியில் பாருங்கள். நீளமாக ஓடும் கம்பியின் இரண்டு முனைகளும் உள்பக்கம் மடங்கி, சட்டத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளுக்குள் நுழைந்திருக்கும். அந்தக் காதுகள் தீக்குச்சி அளவுதான். உடைந்தால் ஒட்டி நிற்காது. ஆகவே இரண்டு ஓரங்களையும் சமமாகத் தூக்கித் தண்டை விடுவித்து, ஸ்பேஸ்பாரை முன்னே பின்னே தள்ளிப் பாருங்கள். கம்பி எந்தப் பக்கம் நழுவுகிறதோ அந்தப் பக்கமாக வெளியே எடுங்கள்.

மெக்கானிக்கலில் பெரும்பாலும் கம்பி சட்டத்தோடே இருக்கும். கீகேப் மட்டும் மூன்று தண்டுகளிலிருந்து கழன்று வரும். புல்லரை நடுவில் போடாமல், முதலில் ஒரு ஓரம், பிறகு மறு ஓரம் என்று சிறிது சிறிதாகத் தூக்குங்கள். சிலவற்றில் கம்பி கீகேப்போடு கொக்கி போட்டிருக்கும். அப்படியென்றால் கொக்கி மாட்டிய விதத்தைப் படம் எடுத்துவிட்டே கழற்றுங்கள்.

கம்பியில் இருக்கும் பிசுக்கு அழுக்கு அல்ல, கிரீஸ். கறுத்திருந்தால் துடைத்துவிட்டு, மாட்டும்போது சிலிகான் கிரீஸ் கடுகளவு வையுங்கள். வைக்காவிட்டால் ஸ்பேஸ்பார் தட்டும்போதெல்லாம் கடகடக்கும்.

7. ஊறவைத்துக் கழுவுதல்

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திர லிக்விட். கை வைத்தால் சுடக் கூடாது, 40 டிகிரி அளவு போதும். கொதிநீரில் ஏபிஎஸ் கீகேப் நெளியும், முக்கியமாக ஸ்பேஸ்பார். அரை மணி நேரம் ஊறட்டும்.

விரல் பிசுக்கு ஊறும்போதே இளகிவிடும். டூத் பிரஷால் மேல்பக்கத்தைவிட நான்கு பக்கங்களைத் தேயுங்கள், அங்கேதான் கறுப்பு வளையம் படிந்திருக்கும். எழுத்துகள் மேலே அச்சடித்தவையாக இருந்தால், விரல் நகத்தால் தடவினால் மேடு தெரியும். அவற்றின் மீது பிரஷை அழுத்தாதீர்கள், ஐபிஏவும் வேண்டாம். இரு நிற வார்ப்பில் செய்த எழுத்து அழியாது, அதைத் தாராளமாகத் தேய்க்கலாம்.

மாம்பழ சீசனில் ஜூஸ் சிந்திய கீபோர்டு நிறைய வரும். சர்க்கரைக்குத் தண்ணீர்தான் மருந்து, ஐபிஏவில் அது சரியாகக் கரையாது. கீகேப்பை ஒரு மணி நேரம் கூடுதலாக ஊறவையுங்கள். சட்டத்தில் ஒட்டியிருப்பதை முதலில் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியாலும் பிறகு ஐபிஏவாலும் துடையுங்கள்.

அழுக்குத் தண்ணீரை வடிகட்டி வழியாகவே ஊற்றுங்கள். சாக்கடைக்குள் போன எஸ்கேப் கீ திரும்பி வராது.

8. கடைசி அலசல் போர் தண்ணீரில் வேண்டாம்

தருமபுரி, கிருஷ்ணகிரியில் போர் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு பேச்சு வரும். கீகேப்பில் காய்ந்தபின் தெரியும் வெள்ளைத் திட்டுக்குக் காரணம் அது அல்ல. தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள்தான் அப்படிப் படிகின்றன. கறுப்புக் கீகேப்பில் அது பளிச்சென்று தெரியும், கழுவாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

முதல் இரண்டு அலசல் எந்தத் தண்ணீரிலும் செய்யலாம். கடைசியாக ஒரு முறை ஆர்ஓ தண்ணீரில் முக்கி எடுங்கள். கேன் தண்ணீர் போதும். பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதையே பயன்படுத்தலாம், காவிரித் தண்ணீரில் போர் தண்ணீர் அளவுக்கு உப்பு இருக்காது.

ஏற்கெனவே வெள்ளை படிந்திருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி ஆர்ஓ தண்ணீரில் அலசுங்கள்.

9. உலர்த்துதல்: 24 மணி நேரம், நிழலில்

கீகேப்பைத் திருப்பி உள்ளே பாருங்கள். நடுவில் உள்ள கூட்டல் வடிவக் குழியில் ஒரு துளித் தண்ணீர் கண்ணாடி போல நின்றிருக்கும். வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கும், ஏனென்றால் குறுகிய இடுக்கு தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அவசரப்பட்டு மாட்டினால் அந்தத் துளி நேராகச் சுவிட்சுக்குள் இறங்குகிறது.

ஒவ்வொன்றையும் துணிமேல் இரண்டு தட்டுத் தட்டி, குழி மேலே பார்க்கும்படி பரப்பி, மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் 36 மணி நேரம் ஆகலாம். சந்தேகமென்றால் டிஷ்யூவின் முனையைச் சுருட்டிக் குழிக்குள் விட்டுப் பாருங்கள்.

மொட்டை மாடி வெயிலில் போடாதீர்கள். கறுப்பு கீகேப் சூடேறி நெளியும், வெள்ளை கீகேப் நாளடைவில் மஞ்சளாகும். ஹேர் டிரையரும் அப்படியே. ஸ்பேஸ்பார் காய்ந்ததும் ஒரு கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது என்று பொருள்.

10. கீகேப் காயும் நேரத்தில் அடிச்சட்டம்

சட்டத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெம்பரேனில் அடியில் மூன்று அடுக்குப் பிளாஸ்டிக் தாள்கள் இருக்கின்றன. நடுவே நுழைந்த ஈரம் பல நாள் காயாது, ஒரு கீ தட்டினால் மூன்று எழுத்து விழும்.

முதலில் பிரஷால் தள்ளி, கீபோர்டைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். முடி, நூல் இருந்தால் இடுக்கியால் எடுங்கள். பஞ்சுக் குச்சியை ஐபிஏவில் நனைத்துப் பிழிந்து, கீகளுக்கு இடையே துடையுங்கள். குச்சியிலிருந்து சொட்டினால் அது அதிகம்.

இறுகிப்போன கீக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டு நாள் சுகமாகப் போகும், பிறகு எண்ணெயில் தூசி சேர்ந்து முன்பைவிட இறுகும். ஐபிஏவால் துளையின் சுவரைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

11. மாட்டுதலும் சோதனையும்

கம்பி உள்ள பெரிய கீகள் முதலில். மெம்பரேன் ஸ்பேஸ்பாரில் கம்பியின் இரு முனைகளையும் காதுகளுக்குள் நுழைத்த பிறகே தண்டை அழுத்துங்கள். இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தாமதமாக எழும்பினால் அந்தப் பக்கக் கம்பி காதுக்குள் போகவில்லை.

அடுத்து எஃப், ஜே. இரண்டிலும் ஆள்காட்டி விரலுக்கு மேடு இருக்கும், அவை சரியாக அமைந்தால் மற்ற எழுத்துகளுக்கு அடையாளம் கிடைக்கும். மற்றவற்றைப் படம் பார்த்து மாட்டுங்கள். தண்டின் மேல் நேராக வைத்து, விரலால் அழுத்தினால் உட்கார வேண்டும். சுத்தியலாகக் கையைப் பயன்படுத்தினால் கீகேப்பின் தண்டு பிளக்கும். ஏற்கெனவே லூசாக இருந்தால் சுவிட்சின் தண்டு மேல் டெஃப்லான் டேப் ஒரே ஒரு சுற்று வைத்து அழுத்துங்கள், இறுக்கம் வந்துவிடும்.

வயரைச் செருகி, விண்டோஸின் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து ஒவ்வொரு கீயாகத் தட்டுங்கள். திரையில் அதே கீ ஒளிர வேண்டும். இடப்பக்க ஷிப்டும் வலப்பக்க ஷிப்டும் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். ஒரு கீ வேலை செய்யவில்லையென்றால் பதறாதீர்கள், மறுபடி கழற்றி ரப்பர் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

12. புதிய கீகேப் செட் வாங்கினால்

மெம்பரேனுக்குத் தனியாகக் கீகேப் தேடாதீர்கள். அதே மாடல் பழைய கீபோர்டு ஒன்றை சர்வீஸ் கடையில் கேட்டு வாங்கி அதிலிருந்து எடுப்பதுதான் வழி. மெக்கானிக்கலுக்குத்தான் செட் கிடைக்கும்.

செர்ரி எம்எக்ஸ் என்ற சுவிட்ச் வகையின் கூட்டல் தண்டு என்றால் கேட்டிரான், கெய்ல், அவுட்டெமு நிறுவனச் சுவிட்சுகளுக்கும் அதே செட் பொருந்தும். ஆனால் கெய்லின் சாக் முதல் பதிப்பு, லாஜிடெக்கின் ரோமர்-ஜி ஆகிய சுவிட்சுகள் இரண்டுக்கும் தண்டே வேறு.

பிறகு கீழ் வரிசையை அளந்து பாருங்கள். ஒரு எழுத்துக் கீயின் இடம் 19.05 மில்லிமீட்டர், அதை 1 யூனிட் என்பார்கள். வழக்கமான ஸ்பேஸ்பார் 6.25 யூனிட், அதாவது ஏறக்குறைய 119 மில்லிமீட்டர். அதன் இருபுறமும் உள்ள கீகள் 1.25 யூனிட். சில கேமிங் கீபோர்டுகளில் ஸ்பேஸ்பார் 6 அல்லது 6.5 யூனிட்டாக இருக்கும், அங்கே சாதாரணச் செட் உட்காராது. இடப்பக்க ஷிப்ட் 2.25, வலப்பக்கம் 2.75. உங்களுடையது சிறியதாக இருந்தால் செட்டில் அந்த அளவு இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். என்டர் கீ நீள்சதுரமா, கால் வளைந்ததா என்பதையும் பாருங்கள்.

நாள் முழுக்கத் தட்டும் இடமென்றால் பிபிடி பிளாஸ்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். ஏபிஎஸ் சில மாதங்களில் விரல் படும் இடத்தில் வழவழப்பாகிப் பளபளக்கும். அது தேய்மானம், எந்த லிக்விடாலும் போகாது.

13. லேப்டாப்

சுத்தம் மட்டும் வேண்டுமென்றால் லேப்டாப்பை முழுமையாக ஷட்டவுன் செய்து, கவிழ்த்தபடி பிரஷால் தள்ளி, ஐபிஏ லேசாகத் தொட்ட துணியால் துடையுங்கள். கீகேப்பைத் தூக்குவது உடைந்த ஒன்றை மாற்றும்போது மட்டும். 2015 முதல் 2019 வரை வந்த பட்டர்ஃப்ளை கீபோர்டு மேக்புக்கில் அதையும் நீங்களே செய்யாதீர்கள்.

கீகேப்பின் ஒரு விளிம்பில் சொருகிக்கொள்ளும் கொக்கிகள், எதிர் விளிம்பில் அழுத்தினால் மாட்டும் கிளிப்புகள். எந்தப் பக்கம் எது என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடல் எண்ணைப் போட்டு ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்துவிட்டு, கிளிப் உள்ள பக்கத்தை மட்டும் நகத்தால் மெல்லத் தூக்கி, பிறகு எதிர்ப்பக்கமாக நழுவ விடுங்கள்.

கீகேப் வந்ததும் அடியில் உள்ள இரு சட்டங்களையும் பாருங்கள். நான்கு மூலைகளிலும் நுண்ணிய முளைகள் இருக்க வேண்டும். ஒன்று முறிந்திருந்தாலும் புதுக் கீகேப் மட்டும் போட்டுப் பயனில்லை, சட்டத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். ஒரே மாடல் லேப்டாப்பில்கூட இரண்டு மூன்று விதச் சட்டங்கள் வருவதுண்டு. அதனால் ஆர்டர் போடும் முன் கீகேப்பின் அடிப்பக்கம், சட்டம், தகட்டில் உள்ள உலோகக் கொக்கிகள் மூன்றையும் அருகில் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்பிச் சரிபாருங்கள். மாட்டும்போது முதலில் சட்டத்தை உலோகக் கொக்கியில் பொருத்தி, அது தானாக மடங்கி எழுகிறதா என்று பார்த்த பிறகே கீகேப்பை வைத்து நான்கு மூலையிலும் அழுத்துங்கள்.